கரகரப்பைத் திருத்திய தயா அண்ணை

இரண்டு வாரத்துக்கு முன், கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் ஒரு ரிப்பேர் கடையில், எழுபத்தெட்டு வயது மனிதர் ஒருவர் அழுவதைப் பார்த்தேன். காரணம்? அவர் கொடுத்த சாமானைக் கடைக்காரர் மிக நன்றாகத் திருத்திவிட்டார்!

நம்ப முடியவில்லையா? எனக்கும்தான்.

கடைக்காரர் தயா அண்ணை. யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்குப் போய், ஆம்பிளிஃபயர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபது வருடம் தரப் பரிசோதகராக இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, துளி இரைச்சல் கேட்டாலும் அந்தப் பெட்டியைத் தூக்கி ஒதுக்கிவைப்பதுதான் அங்கே அவருடைய வேலை. இப்போது போன், டிவி, மிக்ஸி... எதைக் கொடுத்தாலும் திருத்துவார். நான் என் போனுக்கு பேட்டரி மாற்றப் போயிருந்தேன்.

அழுதவர் டெரெக். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். இளவயதில் நண்பர்களோடு சேர்ந்து பப்களில் ராக் இசை வாசித்தவர். அவர் கொடுத்திருந்தது கையளவு இரும்புப் பெட்டி ஒன்று. கிட்டாருக்கும் ஆம்பிளிஃபயருக்கும் நடுவில் அதை இணைத்து, காலால் ஓர் அமத்து அமத்தினால் கிட்டார் சத்தம் கிழிந்து, கரகரத்து, தேனீக்கூட்டைக் கலைத்ததுபோல் வரும். ‘ஃபஸ்’ பெட்டி என்பார்கள்.

டெரெக் கிட்டாரை மாட்டி, அமத்தி, இரண்டு தரம் வாசித்துப் பார்த்தார். பளிங்குபோல் சுத்தமான சத்தம்!

“நன்றாக வேலை செய்கிறது. ஆனால் இது என் பெட்டி இல்லையே...” என்றார் ஆங்கிலத்தில். கண் கலங்கிவிட்டது.

தயா அண்ணை என் பக்கம் திரும்பினார். “என்ன தம்பி சொல்லுறார் இவர்? சத்தம் விட்டு விட்டு வருது எண்டுதான் தந்தவர். ஒரு வயர் கழண்டு கிடந்தது. அதை ஒட்டிப்போட்டு, உள்ளுக்க கிடந்த பழசு எல்லாத்தையும் கழட்டிப் புதுசு போட்டனான். கரகரப்பு எல்லாம் போயிட்டுது!”

“அண்ணை, அவருக்கு அந்தக் கரகரப்புத்தான் வேணும்.”

“உமக்கென்ன விசரே? ஆர் தேடி வந்து கரகரப்பு வாங்குவினம்?”

உலகமே வாங்கியது என்பதுதான் வேடிக்கை!

அறுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம். மிக்சிங் மேசையின் ஒரு பகுதி பழுதாகி, கிட்டார் சத்தம் கரகரவென்று பதிவாகிவிட்டது. தூக்கியா எறிந்தார்கள்? ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று பாட்டில் அப்படியே விட்டுவிட்டார்கள். மற்றவர்களும் அந்தச் சத்தத்தைக் கேட்டு வரத் தொடங்க, அங்கிருந்த எஞ்சினியர் அந்தப் பழுதையே வேண்டுமென்று உண்டாக்கும் பெட்டி ஒன்றைச் செய்தார். மூன்று டிரான்சிஸ்டர், அவ்வளவுதான். முதலில் யாரும் சீண்டவில்லை. பிறகு லண்டன் குழு ஒன்றின் பாட்டில் அது ஒலித்து, பாட்டு எங்கும் ஹிட்... கடைகளில் பெட்டி காலி. அதே காலத்தில் இங்கே வட லண்டனில் ஒரு பையன், அந்தச் சத்தத்துக்காகத் தன் ஸ்பீக்கரையே பிளேடால் கீறினான்!

இதையெல்லாம் சொன்னவர் டெரெக். இன்னொன்றும் சொன்னார். அவர்கள் குழுவில் நான்கு பேர். இருவர் இப்போது உயிரோடு இல்லை. மூன்றாமவர் ரான், பேஸ் கிட்டார் வாசித்தவர், இப்போது ஹொஸ்பிஸில் — கடைசி நாட்களுக்கான பராமரிப்பு இல்லத்தில் — இருக்கிறார்.

“சனிக்கிழமை வந்து வாசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இந்தச் சத்தத்தைத்தான் கேட்டான். அடுத்த சனிக்கிழமை அவன் இருப்பானோ, தெரியாது.”

தயா அண்ணை போய்க் கடைக்கதவைப் பூட்டினார். குப்பை வாளியைத் தூக்கி வந்து மேசையில் கொட்டினார்.

மூன்று பேரும் கிளறினோம். டிரான்சிஸ்டர்களில் இரண்டு முழுதாகக் கிடைத்தன. மூன்றாவதன் கால் அடியோடு முறிந்திருந்தது. “இனி ஒட்ட ஏலாது,” என்றார் தயா அண்ணை. அலமாரியிலிருந்து ஒரு பழைய சின்ன ரேடியோவை எடுத்தார். ஜெர்மனிக்குப் போன புதிதில், சந்தையில் வாங்கியது. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவர் ஜெர்மன் பாஷை படித்தாராம்.

“அது வேலை செய்யுதே அண்ணை?”

“செய்யும்தான். உதுக்குள்ள அதே ஜாதி டிரான்சிஸ்டர் இருக்கு.”

ரேடியோவைத் திறந்து, சூடு காட்டி, ஒன்றைக் கழற்றினார். எத்தனையோ வருடம் பேசிய ரேடியோ ஊமையாகிவிட்டது. அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அதைப் பெட்டிக்குள் பொருத்தி முடித்ததும் டெரெக் வாசித்தார். ஊஹூம், மெலிந்த சத்தம். தயா அண்ணை ஹீட்டரை நிறுத்தினார். “உந்தப் பழைய டிரான்சிஸ்டருகளுக்குச் சூடு பிடியாது.” லண்டன் குளிரில் ஜாக்கெட்டோடு நடுங்கியபடி நின்றோம். அவர் ஒரு திருகைத் திருகுவார், டெரெக் வாசிப்பார், தலையை ஆட்டுவார். மறுபடி திருகுவார்...

ஒரு கட்டத்தில் கிட்டார் உறுமியது! டெரெக் நிமிர்ந்தார். அவர் வாய் திறக்குமுன்பே தயா அண்ணை சொன்னார். “இதுதான். என்ன?”

வாழ்நாளெல்லாம் இரைச்சலைப் பிடித்து வெளியே தள்ளிய காது!

சனிக்கிழமை நாங்கள் மூவருமே போனோம். ஹொஸ்பிஸ்களில் அறையை எப்போதும் கதகதப்பாக வைத்திருப்பார்கள். தயா அண்ணை அதையும் யோசித்திருந்தார். சாப்பாட்டுப் பையில் இரண்டு ஃபுரோசன் தேங்காய்ப்பூ பாக்கெட்டுகள், நடுவில் பெட்டி!

ரான் கண்ணை மூடிக் கிடந்தார். வெறும் எலும்பு. டெரெக் கட்டிலருகே உட்கார்ந்து, பெட்டியை அமத்தி, வாசித்தார். நர்ஸ் ஒருவர் பதறி ஓடி வந்தார். வந்தவர் நின்றார். போர்வைமேல் ரானின் விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. பேஸ் வாசிக்கிறார்! நர்ஸ் மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டு, உள்ளேயே நின்றுகொண்டார்.

“இன்னும் அதே கேவலமான சத்தம்,” என்றார் ரான், கண்ணைத் திறந்து. சிரித்தார். “இன்னொரு தரம்.”

நான்கு தரம் வாசித்தார் டெரெக். தயா அண்ணை ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை ரான் காலமானார். டெரெக் போன் பண்ணிச் சொன்னார்.

நானும் ஒரு திருத்தல்காரன்தான். மகளின் பேச்சைத் திருத்துவேன், நண்பர்களின் கதைகளைத் திருத்துவேன். அடுத்தவரிடம் நமக்குப் பழுதாகத் தெரிவது, இன்னொருவர் ஆசையோடு காத்திருக்கும் சத்தமாக இருக்கலாம்... யார் கேட்டுப் பார்க்கிறோம்?

தயா அண்ணை கேட்கிறார். நேற்று அவர் கடையில் நின்றேன். ஒரு பெண் ரேடியோ கடிகாரம் ஒன்றை நீட்டினார். ஸ்பீக்கர் வேலை செய்யவில்லையாம்.

“சரி தங்கச்சி. இதில எதைத் திருத்தக் கூடாது?”

அந்தப் பெண் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“பத்து நிமிசம் முந்தி ஓடுது அண்ணை. அதை மட்டும் தொட்டிடாதேங்கோ... எங்கட வீட்டுக்காரர் நேரத்துக்கு வேலைக்குப் போறதே அதாலதான்!”