இடுப்புப் பட்டியில் ஒரு பெயர்

எங்கள் அம்மா டாவோஸ் ஹோட்டலொன்றில் உடுப்புகளை இஸ்திரி போட்டு மினுக்கியவர் என்றுதான் உங்களில் பலருக்குத் தெரியும். அது பொய்யில்லை. ஆனால் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு, அவர் போய் ஓராண்டான இந்த ஆட்டைத் திவசச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போக உங்களை விடமாட்டேன்.

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஐந்து பெண்பிள்ளைகளுள் மூத்தவராகப் பிறந்த அம்மா, தங்கைமாரின் சாறிச் சட்டைகளையெல்லாம் தாமே வெட்டித் தைத்தவர். போரில் வீட்டை இழந்து, அப்பாவைத் தொடர்ந்து, கைக்குழந்தையான என்னோடு இந்தச் சுவிஸ் பனிக்குள் வந்து சேர்ந்தார். ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவிய அப்பா நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா மினுக்கி மினுக்கியே என்னைப் படிப்பித்தார்.

அந்த ஹோட்டலில் ஆண்டுக்கொரு நாள், டாவோஸ் ஊர்ப் பெண்கள் விக்டோரியா மகாராணி காலத்து உடுப்பில் கூடித் தேநீர் அருந்துவார்கள். அம்மாவோடு வேலை செய்த சுவிஸ் பெண்மணி ஃபிராவ் கெல்லர் பழைய படமொன்றைக் காட்டி, இப்படியொரு 'டாகெஸ்கிளைட்' தைத்துத் தருவீர்களா என்று கேட்டார். ஜெர்மன் மொழியில் 'டாக்' என்றால் நாள், பகல் இரண்டும்; பகலில் உடுத்தும் சட்டை என்பது பொருள். அம்மாவுக்கோ ஒரே நாளில் தைத்து முடிக்கும் சட்டை என்று விளங்கிவிட்டது.

"ஒரு நாளிலயோ? இவவுக்கென்ன விசரோ எண்டு கேள் பிள்ளை!"

பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நான் அதைக் கொஞ்சம் மரியாதையாக மொழிபெயர்த்தேன்.

கழுத்தை மூடி, கை நீண்டு, முன்னால் வரிசையாகப் பொத்தான் வைத்து, உடம்போடு ஒட்டிய மேற்சட்டை. கீழே, பின்பக்கம் பொம்மி உப்பிய பாவாடை. அம்மா மலைக்கவில்லை. "மேல்பாதி எங்கட சாறிச் சட்டைதானே. அளவு பிடிபட்டாச் சரி" என்றார். ஒரு சுருக்கம் தெரிந்தாலும் "பிரிச்சுத் தைக்கோணும்" என்பார். ஃபிராவ் கெல்லரின் சட்டைக் கைகள் நான்கு முறை பிரிக்கப்பட்டன. ஐந்தாம் முறை அவர் கண்ணாடியை விட்டு விலகவேயில்லை.

அந்தக் காலத்தில் சட்டையின் உட்புறம், இடுப்புப் பட்டியில், தைத்தவரின் பெயர் இருக்குமாம். "பெயரையும் போடுங்கள்" என்றார் ஃபிராவ் கெல்லர். அம்மா உடுப்பவரின் பெயரைத் தமிழில் நூலால் எழுதிவிட்டார்! அதற்குப் பிறகு மற்றப் பெண்களும் தைக்கக் கேட்டு வந்தபோதும் அப்படித்தான். பதினான்கு சட்டைகள், பதினான்கு சுவிஸ் பெண்களின் பெயர்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்கட பேரை எல்லோ போடோணும் அம்மா!"

"உடுக்கிறது அந்தப் பொம்பிளையள். என்ர பேரை ஏன் இடுப்பில கட்டிக்கொண்டு திரியோணும்?"

ஹோட்டல்காரர் ஒரு சட்டையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தபோதும் தைத்தவர் யாரென்று எழுதவில்லை. அம்மா சிரித்தார். எனக்கு அந்த எரிச்சல் தீரவேயில்லை. கடைசி நாட்களில், ஆஸ்பத்திரிக் கட்டிலிலும், "அந்தத் தாதிப் பிள்ளையின்ர கொலர் இழுபடுது, பார்" என்றவர் அவர்.

இறுதிக் கிரியைக்கு வந்த ஃபிராவ் கெல்லர், அம்மாவின் பெயரைத் தமிழில் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார். கொடுத்தேன், மறந்தும் போனேன். சென்ற கிழமை கோப்பி குடிக்கக் கூப்பிட்டார். மேசைமேல், கண்ணாடிப் பெட்டியில் இருந்ததையும் சேர்த்து, பதினான்கு சட்டைகளும் உட்புறம் தெரியப் பரப்பி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் அம்மாவின் பெயர். அந்தப் பெண்கள் ஆளுக்கொன்றாகத் தாங்களே அதை நூலால் தைத்திருந்தார்கள். நான் விக்கி விக்கி அழுதேன்.

அம்மாவைப் பராமரித்த தாதியருக்கும், கிரியைகளை நடத்திய ஐயாவுக்கும், அந்த நாட்களில் எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்ட உறவுகளுக்கும், ரயிலேறி மலைக்கு வந்த எல்லோருக்கும் எங்கள் நன்றி. ஃபிராவ் கெல்லருக்கு மட்டும் ஒரு செய்தி. உங்கள் சட்டையில் அம்மாவின் பெயரில் ஒரு புள்ளி விடுபட்டிருக்கிறது. அம்மா பார்த்திருந்தால் "பிரிச்சுத் தைக்கோணும்" என்றிருப்பார்.

நான் பிரிக்க விடமாட்டேன்.