கயிறு துடைத்த ஞாயிறு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அப்படிப்பட்ட என்னிடம்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பொறுமையைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே இருக்கிற எங்கள் கிறிஸ்தவ சபையின் ஹாலில், ஞாயிறு மதியம் வகுப்பு. நல்லொழுக்கம், உலகத்து மதங்கள், ஊருக்குச் சேவை இவைதான் பாடம். சபைப் பிள்ளைகள், பக்கத்து இந்து வீட்டுப் பிள்ளைகள், சந்தைக்குப் பின்னாலிருந்து வரும் முஸ்லிம் சகோதரிகள் எல்லாரும் உண்டு. மதங்களைப் பற்றி நான் தொண்டை வறளப் பேசி முடித்தால் ஒரு சந்தேகம் எழும்: "டீச்சர், எந்த மதத்துல ஹோம்ஒர்க் கிடையாது?"

அந்த ஞாயிறு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஹாலில் வகுப்பு தொடரலாமா என்று அன்று சாயங்காலம் சபைக் கமிட்டி முடிவெடுக்க இருந்தது. கமிட்டியில் மூத்தவர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமா. "நம்ம ஹால்ல நம்ம வேதம் போதும்" என்பது அவர் கட்சி. குளிமுறியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடிந்து, ஓணம் முதல் கட்டிலில்தான் கிடந்தார். கிடந்தபடியே மாமியின் போனில் சொல்லி அனுப்புவார். அவர் சொல்லாமல் செகரட்டரி எச்சில்கூட விழுங்கமாட்டார். ஹால் போனால் வகுப்பும் போச்சு. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் கூச்சமில்லாமல் வந்து உட்கார எங்களுக்கு வேறு இடம் இல்லை.

கமிட்டியிடம் நல்ல பெயர் கிடைக்கட்டுமே என்று, அன்றைய சேவையாக ஆலயத்தைச் சுத்தம் செய்ய வைத்தேன். சிறுமிகள் சிலருக்கு மணிக்கயிறு. அழுக்கேறிக் கறுத்துக் கிடந்தது. "ஈரத்துணியால துடையுங்க மக்கா. சத்தம் வரப்பிடாது, மெதுவா செய்யணும்" என்று நானே சொல்லி அனுப்பினேன். மற்றவர்களோடு ஹாலில் பெஞ்சு துடைக்கப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. ஒன்று. நீண்ட இடைவெளி. பிறகு இன்னொன்று. ஆராதனைக்கு எங்கள் மணி வேகமாக அடிக்கும். சாவுக்கு மட்டும்தான் இப்படி ஒற்றை ஒற்றையாக விழும். அது கேட்டால் எந்த மதத்து வீடானாலும் கைவேலையைப் போட்டுவிட்டு, "யாரு போனது?" என்று வாசலுக்கு வந்துவிடுவார்கள். நானும் துணியைக் கீழே போட்டேன். "எழும்புங்க மக்கா, யாரோ மரிச்சுப் போனாங்க. பிரார்த்தனை பண்ணுங்க" என்றேன்.

"எந்த முறையில டீச்சர்?" என்றான் ஒருவன்.

"வாய மூடிட்டு அவனவன் முறையில செய்யுலே!"

உருக்கமாகக் கண்மூடி நின்றோம். மணி நின்றது. சிறுமிகள் கறுத்த துணியோடு உள்ளே வந்தார்கள். "டீச்சர், கயிறு வெளுத்தாச்சு. துடைக்கத் துடைக்க மணி அடிச்சுது. சத்தம் வராம இருக்க, இன்னும் மெதுவா துடைச்சோம்."

கடவுளே! மெதுவாகத் துடைக்கத் துடைக்க அது அச்சு அசல் சாவு மணி ஆகியிருக்கிறது. ஊரில் அப்போது படுத்துக் கிடந்தவர் ஒரே ஒருவர்தான். செருப்பை மாட்டிக்கொண்டு கண்டக்டர் மாமா வீட்டுக்கு ஓடினேன். பிள்ளைகளும் பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

எனக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. வாடகைக் கடைக்காரர் முற்றத்தில் ஆட்கள் உட்காரப் பிளாஸ்டிக் கசேரைகளை இறக்கிக்கொண்டிருந்தார். கோயில் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் தோளில் துண்டோடு தலைகுனிந்து நின்றார்கள். செகரட்டரி கையில் மலர்வளையம். அவ்வளவு சீக்கிரம் அது எங்கே கிடைத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. படியில் நின்று மாமி கத்தினார்: "எதுக்கு எல்லாரும் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வாறிய? ஆளு உள்ள சாயா குடிச்சுட்டு இருக்காரு ஆக்கும்!"

செகரட்டரி மலர்வளையத்தை வாழைமூட்டுக்குப் பின்னால் தள்ளினார். வந்தவர்கள் அப்படியே திரும்பவும் முடியாது. "சும்மா பாத்துட்டுப் போலாம்னு..." என்று இளித்துக்கொண்டு உள்ளே போனார்கள். கசேரைகளும் உள்ளே போயின.

மாமா, டிக்கெட் எடுக்காதவனைத் தேடுவதுபோல ஒவ்வொருவராகப் பார்த்தார். "மணி நானும் கேட்டேன். யாரு போனது?"

செகரட்டரி என்னைக் கைகாட்டினார். "எல்லாம் இவங்க வகுப்புப் பிள்ளைகளுக்க வேலை மாமா. ஹால் விஷயத்துல இப்பமே ஒரு முடிவு சொல்லுங்க."

நான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பதற்குள் சிறுமிகளில் ஒருத்தி முன்னால் வந்துவிட்டாள். பொய் சொல்லக் கூடாது என்று படிப்பித்துத் தொலைத்தது நான்தானே. "நாங்கதான் தாத்தா. கயிறு துடைச்சோம். நீங்க செத்துட்டியன்னு எல்லாரும் நெனச்சுட்டாங்க."

போச்சு, எல்லாம் போச்சு என்று தலையில் கைவைத்தேன்.

மாமா சிரிக்கவில்லை. அறை நிறைய இருந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓணத்துக்கு விழுந்தவனாக்கும் நான். அதுக்குப் பிறவு இந்த முறியில ஒரு கசேரை நிறைய ஆள் வந்ததில்ல" என்றார். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு செகரட்டரியிடம் சொன்னார்: "நம்ம வேதம் படிச்சவன் ஒருத்தனும் வரேல்ல. இதுக மணி அடிச்ச பிறவுதான் வந்திய. ஹால் சாவி டீச்சர்ட்டயே இருக்கட்டும்."

அந்தச் சிறுமி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "அடுத்த ஞாயிறும் வாறோம் தாத்தா. மணி அடிக்காமலே வாறோம்."

"வாங்க மக்கா. நான் ஒறங்கிட்டுக் கிடந்தா தட்டி எழுப்பணும், கேட்டியளா? செத்துட்டேன்னு நெனச்சுத் திரும்பிப் போயிரப்பிடாது."