குவாத்தமாலா ரோட்டில் ஒரு சோதனைச் சாவடி

என் மகள் பெரியபிள்ளையானபோது சாமத்தியச் சடங்கு செய்யவில்லை என்று கனடாவில், மொன்றியலில் எங்கள் சனம் இன்னும் குறை சொல்கிறது. சொல்லட்டும். மண்டபமும் வேண்டாம், பல்லக்கும் வேண்டாம், அதற்குப் பதிலாகத் தன்னை எங்காவது தூர தேசத்துக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிப் பதின்மூன்று வயதில் ஒற்றைக்காலில் நின்றாள். நானும் வாக்குக் கொடுத்துத் தொலைத்தேன். பதினாறு ஆனதும் வந்து கேட்டாள். பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் படித்த துணிவில் குவாத்தமாலா என்றாள்.

"அங்க என்னடி இருக்கு?"

"எரிமலை."

அவளுடைய அப்பா வேலையைச் சாட்டி மொன்றியல் வீட்டிலேயே நின்றுகொண்டார்.

வாடகைக் கார் எடுத்தோம். நான் சாரதி, அவள் வழிகாட்டி. முதல் நாள் முழுக்க வாயைப் பிளந்துகொண்டுதான் ஓட்டினேன். ஆடு நிற்கவே யோசிக்கும் மலைச்சரிவில் அந்தச் சனம் சோளம் போட்டிருந்தது. பெண்கள் முதுகில் பிள்ளையைக் கட்டி, தலையில் சுமையும் வைத்து, ஏற்றத்தில் சிரித்துக் கதைத்தபடி போனார்கள். எனக்கு இரண்டு பையோடு எங்கள் மூன்றாம் மாடி ஏறவே மூச்சு வாங்கும்.

அதைவிட அதிசயம் என் மகள். வீட்டில் கேட்டதற்குத் தலையாட்டவும் பஞ்சிப்படுகிறவள், சாப்பாட்டுக் கடைக் கிழவிகளோடு ஸ்பானிஷில் பகிடி விட்டாள். கார்ச் சில்லுக்குக் காற்றுப் போனபோது பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூட்டிவந்து, அவர் காட்டக் காட்டத் தானே கழற்றிப் பூட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "போய்க் கையைக் கழுவு" என்றேன்.

மூன்றாம் நாள் மதியம் ஒரு வளைவு தாண்டியதும் ரோட்டுக்குக் குறுக்கே இரண்டு பீப்பாய்கள். மண்மூட்டைகள். நீண்ட துப்பாக்கிகளோடு இரண்டு ஆமிக்காரர்.

நெடுந்தூரம் முன்பே காரை நிறுத்தினேன். "இறங்கு. பையை எடு. ஒண்டும் கதையாத, நிமிந்து பாராத" என்றேன். அவள் வாயைத் திறக்குமுன் நான் இறங்கி, பாஸ்போர்ட்டை முகத்துக்கு நேரே பிடித்து, தலையைக் குனிந்தபடி நடக்கத் தொடங்கிவிட்டேன். நான் வளர்ந்த யாழ்ப்பாணத்தில் அப்போது அப்படித்தான். பஸ்ஸால் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்து, நடந்துதான் சாவடியைக் கடக்கவேண்டும். இது ஒன்றும் அவளுக்குத் தெரியாது. அம்மா எதற்கும் பயப்படாதவள் என்று அவள் நம்பவேண்டும், அந்தப் பயம் அவளில் ஒட்டவே கூடாது என்று யுத்தக் கதையே எடுக்காமல் வளர்த்திருந்தேன்.

ஆனால் குவாத்தமாலாவில் காரை விட்டிறங்கி ஒருத்தி விறுவிறென்று வந்தால் எந்த ஆமிக்காரன் சும்மா நிற்பான்? ஒருவன் கத்தினான். எனக்கு விளங்கவில்லை. அவன் கத்தக் கத்த நான் இன்னும் குனிந்து இன்னும் கிட்டப் போனேன். துப்பாக்கி உயர்ந்தது.

"அம்மா, நில்லுங்கோ."

நின்றேன். மகள் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டியபடி, நிதானமாக ஸ்பானிஷில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்து என் தோளை அணைத்துக்கொண்டாள். துப்பாக்கி இறங்கியது. மூத்தவன் உள்ளே போய் ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்து தந்தான்.

காருக்குள் ஏறியதும் கேட்டேன். "என்னடி சொன்னனி?"

"அம்மா ஆமிக்குப் பயந்து வளந்தவ எண்டு சொன்னனான்."

"உனக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நீங்கள் நடந்ததைப் பாத்தனான்." போத்தல் மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினாள். "அப்ப உங்களுக்கு எத்தினை வயசு?"

"உன்ர வயசு."

அன்று பின்னேரம் வரை ஓட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன்தான், அதை ஏன் மறைக்கவேண்டும்? அவள் அழவில்லை. தோடம்பழம் உரித்து, சுளை சுளையாக என் வாயில் வைத்தாள். இந்தப் பொறுமையை இவள் எங்கே படித்தாள்? என்னிடமிருந்து வந்திருக்கச் சந்தர்ப்பமே இல்லை.

அடுத்த நாள் இன்னொரு சாவடி. எவ்வளவு சொல்லியும் என்ன, என் கை தானாக சீற் பெல்ட்டைக் கழற்றப் போனது. அவள் தன் கையை அதன்மேல் வைத்தாள்.

"இருங்கோ அம்மா. ஒருத்தரும் இறங்கச் சொல்லேல்லை."

கண்ணாடியை இறக்கினேன். எட்டிப் பார்த்த ஆமிக்காரனுக்கு அவள் வணக்கம் சொன்னாள். அவன் போகச் சொல்லிக் கையைக் காட்டினான். துப்பாக்கிகளுக்கு நடுவால், வாழ்நாளில் முதல் தடவையாக, நான் இறங்காமல், இருந்தபடியே போனேன்.