பாக்கெட்டில் இருக்கும் பின்வாசல்

இன்று கட்டடக்கலை வகுப்பில் ரிவியூ. தோட்டத் தொழிலாளர்களுக்காக நான் வடிவமைத்த வீட்டின் அட்டை மாடலை விரிவுரையாளர் கையில் எடுத்தார்.

"இத்தனூண்டு வீட்டுக்கு ரெண்டு வாசல் எதுக்கு? வேஸ்ட்லா."

பின்வாசலைப் பிய்த்து என் கையில் கொடுத்தார். ஓட்டையை டேப் ஒட்டி மூடினார்.

"ஓகே சார்" என்றேன். கோபம், அழுகை எதுவும் வரவில்லை.

கோலா கெத்தில் ஊருக்குப் போகும் பஸ்ஸில் மாடலை மடியில் வைத்திருந்தேன். ஃபேக்டரி சட்டையோடு பக்கத்தில் இருந்த அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வீடு நல்லாருக்கும்மா. பின்வாசல் எங்க? மீன எங்க உக்காந்து கழுவுறது?"

"பாக்கெட்ல இருக்குக்கா."

எடுத்துக் காட்டினேன். அவர் சிரித்தார். எனக்கு அதுவும் வரவில்லை.

உங்களில் யாராவது முன்வாசலில் உட்கார்ந்து மீன் கழுவுகிறீர்களா? இருந்தால் கீழே கமெண்டில் சொல்லுங்கள். சாரிடம் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன்.