பதினாலாம் இலக்கப் போத்தல்

உங்கள் எல்லோர் மீதும் அல்லாஹ்வின் சாந்தி இறங்கட்டும், சகோதரிகளே. எழுதிப் பழக்கமில்லாதவள் நான். ஏழாம் ஆண்டோடு என் படிப்பு நின்றுபோனது. பயந்த சுபாவம் வேறு. பிள்ளைகள் வரும் பஸ் கொஞ்சம் பிந்தினாலே என் கைகால் குளிர்ந்துவிடும். ஆனாலும் எனக்குக் கிடைத்ததை மறைத்து வைத்தால் நன்றி கெட்டவளாகிவிடுவேன். அதனால்தான் பேனையை எடுத்தேன்.

போன வருடம் நவம்பர் மாதம். எங்கள் ஊர் சாய்ந்தமருதில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. என் மகள் நுஸ்ரா, குர்ஆன் வைக்கிற அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். கீழ்த்தட்டு வெறுமையாகக் கிடந்தது.

"உம்மா, என்ட போத்தலெல்லாம் எங்க?"

எனக்குத் தெரியவில்லை. மற்றத் தட்டுகளையும் துளாவினேன்.

அந்தப் போத்தல்களின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நுஸ்ரா கம்பஸில் கடைசி வருடம் படித்தாள். கடற்கரையோரக் கிணறுகளில் கோடையில் உப்பு ஏறுகிறதே, அது எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. ஓகஸ்ட் வெயிலில் கடற்கரையிலிருந்து உள்ளே உள்ளே போய், பதினாலு வீட்டுக் கிணறுகளில் தண்ணீர் அள்ளினாள். குமர்ப்பிள்ளை தனியே வீடு வீடாகப் போவதா என்று குடையும் கையுமாக நானும் பின்னால் நடந்தேன். ஒவ்வொரு கிணற்றிலும் இரண்டு போத்தல். ஒன்றைக் கம்பஸில் அளந்து முடித்தாள். மற்றதை, பிறகு தேவைப்பட்டால் பார்க்கலாம் என்று, இலக்கம் ஒட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வெயில் படாத, சின்னப் பிள்ளைகளின் கை எட்டாத இடம் எங்கள் வீட்டில் அந்த அலுமாரி ஒன்றுதான்.

மாணவர்கள் செய்த ஆய்வுகளை மட்டும் போடுகிற சஞ்சிகை ஒன்று இருக்கிறதாம். அதற்குக் கட்டுரையை அனுப்பினாள். யாரென்று தெரியாத இரண்டு பேர் வாசித்துப் பார்ப்பார்களாம். எழுதினது யாரென்று அவர்களுக்கும் தெரியாதாம். வாப்பா யார், ஊர் எது என்று கேட்காமல் எழுத்தை மட்டும் நிறுக்கிற தராசு. அதைக் கேட்டபோது எனக்குப் பயத்தோடு ஒரு சந்தோசமும் வந்தது. பட்டம் முடிந்துவிட்டால் அதற்கு அனுப்ப முடியாது. அவளுக்கு இருந்தது அந்த ஒரு தடவைதான்.

அனுப்பிய நாளிலிருந்து நான் அவளைப் படுத்தின பாடு கொஞ்சமல்ல. போய்ச் சேர்ந்ததா, திறந்து பார்த்தார்களா என்று விடாமல் கேட்பேன். "உம்மா, இது மீன் இல்ல, பழுதாப் போகாது" என்று சிரிப்பாள்.

நவம்பரில் பதில் வந்தது. கட்டுரை நல்லது, ஆனால் ஓர் இடம் நம்பும்படி இல்லை என்று எழுதியிருந்தார்கள். பதினாலாவது கிணறு கடலுக்கு ஆகத் தூரமானது. அதில் எப்படி இவ்வளவு உப்பு வரும்? அளந்தது பிழையாக இருக்கலாம். எடுத்து வைத்த தண்ணீரை இரண்டு வாரத்துக்குள் இன்னொரு தடவை அளந்து அனுப்பினால் ஏற்றுக்கொள்வார்கள். கிணற்றில் புதிதாக அள்ளவும் வழியில்லை. மழையில் ஊர்க் கிணறெல்லாம் நிரம்பி இனித்துக் கிடந்தது. ஓகஸ்ட் மாத உப்பு அந்தப் போத்தலில் மட்டும்தான் இருந்தது.

அந்தப் போத்தலைத்தான் காணவில்லை.

எங்கள் குடும்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஓதி ஊதின தண்ணீர், உம்றாவுக்குப் போனவர்கள் தந்த மக்கத்து ஸம்ஸம் தண்ணீர், எல்லாம் அந்த அலுமாரியில்தான் இருக்கும். நோய் நொடி என்று வருகிற சொந்தக்காரர் யாரும் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். பக்கத்து வளவில் இருக்கிற என் ராத்தாவுக்கு, என் மூத்த சகோதரிக்கு, முழங்கால் வருத்தம். ஓடிப்போய்க் கேட்டேன்.

"ஓம், நான்தான் எடுத்தன்" என்றார் ராத்தா, வெற்றிலையை மடித்துக்கொண்டே. "நீ மாவடிப்பள்ளி வயலுக்குச் சோறு கொண்டு போன அண்டைக்கு வந்தன். வரிசையா இருந்திச்சி. நம்பரும் ஒட்டியிருந்திச்சி."

"அது கிணத்துத் தண்ணி, ராத்தா."

"எனக்கென்னகா தெரியும்? ஏழு எண்டு இருந்தா ஏழு தரம் ஓதினது, பத்து எண்டு இருந்தா பத்துத் தரம் ஓதினது எண்டுதான் நினைச்சன். தெருவில வருத்தக்காரப் பொம்புளையள் எல்லாருக்கும் அவங்கவங்கட வருத்தத்துக்குத் தக்கன குடுத்தன்."

நுஸ்ரா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பதினாலாவது போத்தல் யாரிடம் என்று கேட்டாள். ராத்தா வெற்றிலையைப் பார்த்தபடியே, எல்லாம் முடிந்துவிட்டது மகள் என்றார்.

மழையோடு மழையாகத் தெரு முழுக்கப் போனோம். கிடைத்த போத்தல்களில் பாதி வெறும் போத்தல். குறைந்த தண்ணீருக்கு மேலே பைப் தண்ணீர் ஊற்றி, பரக்கத்து வற்றாமல் நிரப்பி வைத்திருந்தார் ஒருவர். இன்னொருவர், வாயில் வைக்கும்போது உப்பாகத்தான் இருந்தது, ஸம்ஸமும் அப்படித்தானே என்று குடித்துவிட்டேன் என்றார். வேறு நாளென்றால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். பதினாலு மட்டும் யாரிடமும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நுஸ்ரா என்னைக் குறை சொல்லவில்லை. பெரியும்மாவையும் ஒன்றும் சொல்லவில்லை. "கட்டுரையைத் திருப்பி எடுக்கிறன் எண்டு எழுதப் போறன், உம்மா" என்றாள். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. நாளைக்கு எழுது மகள், ஒரு நாள் பொறு என்று மட்டும் கெஞ்சினேன்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, தொழுகைப் பாயான முஸல்லாவிலேயே இருந்தேன். கூரையில் மழை இரைந்தது. ஓத வேண்டிய துஆக்கள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "யா அல்லாஹ், அந்தச் சஞ்சிகையின்ட பேர்கூட எனக்குச் சொல்ல வராது. அவள் என்ன எழுதினாள் எண்டும் விளங்காது. வெயிலுக்குள்ள அவள் தண்ணி அள்ளினத நீ பாத்தாய், நானும் பாத்தன். அவள் பொய் எழுதல்ல. அது போதும் எண்டா ஒரு வழியக் காட்டு." அழுதேன். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை அழுதேன். எழும்பும்போது நெஞ்சில் இருந்த கல்லைக் காணவில்லை. பயந்து பயந்தே வளர்ந்தவளுக்கு அதுவே பெரிய அதிசயம்.

மறுநாள் காலை. அடுப்பில் ரொட்டி. மழை தூறிக்கொண்டிருந்தது. ராத்தா முழங்காலைப் பிடித்துப் பிடித்துப் படியேறி வந்தார். முக்காட்டுக்குள் கையை விட்டு, வெள்ளைத் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

துணியை அவிழ்த்தேன். பதினாலு. மூடிகூடத் திறக்கப்படவில்லை.

நுஸ்ரா ஓடி வந்தாள். ராத்தாவே சொன்னார்.

"ஆகக் கூட ஓதினது எண்டு எனக்கெண்டு எடுத்து வெச்சன். உசிர் போற ஸக்கராத்து நேரத்தில வாயில விடச் சொல்லி மகளிட்டயும் சொல்லி வெச்சன். நேத்து நீங்க கிணத்துத் தண்ணி எண்டு சொன்னீங்க. கிணத்துத் தண்ணியா இருந்தா என்ன, குர்ஆன் அலுமாரிக்குள்ள அல்லாஹ்ட கலாமோட இவ்வளவு நாள் ஒண்டா இருந்த தண்ணியாச்சே எண்டு விட மனசு வரல்ல. அஸருக்குப் பிறகு முஸல்லாவில இருந்தா என்ட மனசுக்கு ஒரு நிம்மதி இல்ல. ஒரு புள்ளைட தண்ணிய ஒளிச்சி வெச்சிக்கிட்டு எந்த முகத்தோட மவுத்தாகிற?"

அஸருக்குப் பிறகு. நான் அழுதுகொண்டிருந்த அதே நேரம். இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு வேலிதான். உள்ளங்களைப் புரட்டுகிறவன் அந்த வேலிக்கு இங்காலும் இருந்தான், அங்காலும் இருந்தான்.

நுஸ்ரா பெரியும்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள். "விடு புள்ள, முழங்கால் நோகுது" என்று ராத்தா தள்ளினார். ஆனால் அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

மகள் ஒன்றையும் மறைக்கவில்லை. போத்தல் எங்கே போய் எப்படித் திரும்பி வந்தது என்று படிப்பிக்கிற மிஸ்ஸிடம் சொன்னாள். மிஸ் சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் எடுத்ததாம். பிறகு, திறக்காத போத்தல், ஒட்டின இலக்கம் அப்படியே இருக்கிறது, தாராளமாக அளக்கலாம், ஆனால் நடந்ததையும் மற்றப் போத்தல்களை அளக்க முடியாது என்பதையும் ஒளிக்காமல் எழுத வேண்டும் என்றாராம். வேறொரு கருவியில் அளந்தார்கள். முதலில் வந்த அதே உப்பு. என் மகள் எழுதினது சரி.

அப்புறம்தான் காரணமும் பிடிபட்டது. அந்தக் கிணறு கடலுக்குத் தூரம், ஆனால் கடலிலிருந்து ஊருக்குள் வருகிற தோணாவுக்கு, அந்தக் கழிக்கு, கிட்ட. கோடையில் கடல் தண்ணீர் தோணா வழியாக ஊருக்குள் ஏறி, பக்கத்துக் கிணற்றையும் உப்பாக்கியிருக்கிறது. அந்தக் கேள்வி வந்திருக்காவிட்டால் அவள் அதை யோசித்தே இருக்கமாட்டாள். தடை என்று நான் நினைத்து அழுதது கதவாக இருந்திருக்கிறது.

ஜனவரியில் ஒரு நாள் நடுப்பகல், ளுஹர் நேரம், கம்பஸிலிருந்து போனில் கோல் எடுத்தாள். "உம்மா, கட்டுரைய எடுத்திட்டாங்க" என்றாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த கையைக் கழுவிவிட்டு, இருந்த இடத்திலேயே நெற்றி நிலத்தில் பட சுஜூதில் விழுந்தேன். மாலையில் தெரு முழுக்கத் தொதல் கிண்டி இனிப்புக் கொடுத்தோம். போத்தல் தண்ணீரைக் குடித்தவர்களுக்கும் கொடுத்தோம்.

சஞ்சிகை வெளியானதும் நுஸ்ரா போனில் எங்களுக்குக் காட்டினாள். கடைசியில் நன்றி சொல்கிற இடத்தில் ராத்தாவின் பெயர் இருந்தது. தண்ணீரைப் பத்திரமாக வைத்திருந்தவர் என்று போட்டிருந்தாள். ராத்தா அதை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "அப்ப என்ட ஸக்கராத்துக்கு?" என்றார். நுஸ்ரா உண்மையான ஸம்ஸம் போத்தல் ஒன்றை, அதே வெள்ளைத் துணியில் சுற்றி அவர் மடியில் வைத்தாள். அதில் இலக்கம் ஒட்டவில்லை.

என் பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். பஸ் பிந்தினால் இன்னும் நெஞ்சு படபடக்கும். ஆனால் இப்போது முதலில் முஸல்லாவை விரிக்கிறேன், பிறகுதான் தெரு முனையைப் பார்க்கிறேன்.

உங்கள் பிள்ளைகளும் உங்களுக்கு விளங்காத எதற்காகவோ பாடுபட்டுக்கொண்டிருப்பார்கள், சகோதரிகளே. அல்லாஹ்விடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். அந்தச் சஞ்சிகையின் பெயர் இன்றைக்கும் என் வாயில் சரியாக வருவதில்லை. நான் கேட்டவனுக்கு அது தெரிந்திருந்தது.