நாலாவதாக வருபவர்

கனகராயன்குளத்தில் பள்ளிக்கூடச் சட்டை தைப்பவள் நான். பெயர் கமலாசனி. இலங்கைக் கிரிக்கெட் அணியின் துடுப்பாட்டத்தைப் பற்றி என்னைவிட அதிகம் பேசுகிறவர் எங்கள் வீதியில் இல்லை. துடுப்பை நான் கையால் தொட்டதுமில்லை.

போரால் மின்சாரம் இல்லாத என் சிறுவயதில் அண்ணன் குகதாசன் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் றேடியோவைப் பூட்டிக் கிரிக்கெட் கேட்பார். பெடலைச் சுற்றுவது என் வேலை. வர்ணனையில் எனக்கு விளங்கியது ‘அவுட்’ ஒன்றுதான். எங்கள் ஆட்டக்காரர் அவுட் என்றால் அண்ணன் மனம் நொந்து முகம் கழுவப் போய்விடுவார். என் கைக்கு ஓய்வு கிடைக்கும். ஆகவே, எங்கள் ஆட்கள் சீக்கிரம் ஆட்டமிழக்க வேண்டுமென்று வேண்டியபடி கிரிக்கெட் கற்றவள் நான்.

இப்போது தையல் மெசினுக்குப் பக்கத்தில் போன் இருக்கிறது. முகநூலில் நீளநீளமாக எழுதுவேன். அதைப் பார்த்துவிட்டு, ஒரு வானொலியில் விளையாட்டு நிகழ்ச்சி செய்யும் விஜிதரன் அழைத்தார்.

“காலி மைதானத்தில டெஸ்ட் தொடங்க முன்னம் ஒரு ரசிகையின்ரை கருத்து வேணும் அக்கா. ரெண்டு நிமிசம் கதையுங்கோ.”

மூன்று நாள் எழுதி, கணவர் யோகநாதனுக்கு வாசித்துக் காட்டினேன்.

“நாலாவதா ஆட வாறவரை இவ்வளவு புகழ வேணுமே?” என்றார்.

“உங்களுக்குக் கிரிக்கெட் விளங்காது” என்றேன்.

சனிக்கிழமை காலை முழுவதும் தையல். செய்தி பார்க்க நேரமில்லை. பத்து மணிக்கு நேரலையில் சொன்னேன்: “சுழல்பந்தைச் சமாளிக்க நாலாவதாக வருபவர் இருக்கிறார். இந்தத் தொடரில் அவர் இரண்டு சதமாவது அடிப்பார்.”

விஜிதரன் மெதுவாகச் சொன்னார். “அக்கா, காலமைதான் அணியை அறிவிச்சவை. முழங்கால் காயமெண்டு அவரை எடுக்கேல்லை.”

கையிலிருந்த தாளில் மிச்ச வரிகளும் அவரைப் பற்றியே இருந்தன.

“ஓம் தம்பி, அதைத்தான் சொல்ல வாறன். அவர் இல்லாதது பெரிய குறை.”

“ரெண்டு சதம் அடிப்பார் எண்டு சொன்னியள்.”

“இருந்திருந்தா அடிச்சிருப்பார்.”

“அப்ப நாலாவதா ஆரை விடலாம்?”

தாளைத் திருப்பிப் பார்த்தேன். வேறு பெயர் இல்லை. “ஆரையாவது விடத்தானே வேணும்” என்றேன். இரண்டு நிமிடமும் முடிந்தது.

வயலில் நின்று கேட்ட யோகநாதன் மத்தியானம் வந்து, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிய கதையை மட்டும் சொல்லிச் சாப்பிட்டார். கேலி செய்திருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

முதல் டெஸ்டில் நாலாவதாக வந்த புதியவர் எழுபத்தொரு ஓட்டம் எடுத்தார். அவரைப் பற்றி முகநூலில் ஒரு வரியும் எழுத எனக்கு முகமில்லை.

ஆனால் விஜிதரன் திரும்ப அழைத்தார். “நிறையப் பேர் நிகழ்ச்சியைக் கேட்டவை அக்கா. அடுத்த டெஸ்டுக்கும் கதைப்பியளோ?”

“கருத்துக்கோ, சிரிக்கவோ?”

“ரெண்டுக்கும்தான்.”

சம்மதித்தேன். பேனாவை எடுக்குமுன் யோகநாதன் என் போனை வாங்கி, அணியிலுள்ளவர்களின் பெயர்கள் முழுவதையும் சத்தமாக வாசித்தார். இரண்டு பெயரைப் பிழையாக உச்சரித்தார். நான் திருத்தவில்லை.