காளிமுத்து அனுப்பிய மரியாதையான சளி

இங்கிலாந்து ராணி இலங்கைக்கு வந்துபோன வருஷம் அது. தேயிலைத் தோட்டங்களில் ரோட்டோரத்து லய வீடுகளுக்கு மட்டும் அவசரமாகச் சுண்ணாம்பு அடித்தார்கள். ராணி எங்கள் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. சுண்ணாம்பை அடுத்து வந்த மழை கழுவிக்கொண்டு போனது. அந்த மழையில்தான் காளிமுத்துவுக்குக் காய்ச்சல் வந்தது.

ராகலைப் பக்கம் ஒரு தோட்டத்து டிஸ்பென்சரியில் எனக்கு வேலை. படிப்பு கிடையாது. போத்தல் கழுவுவேன், புண்ணுக்குக் கட்டுப் போடுவேன், நுவரெலியா ஆஸ்பத்திரிக்குச் சாமான் கொண்டுபோவேன். காளிமுத்து மலையில் கான் வெட்டுகிறவன். சேற்றில் நின்று மழைத்தண்ணீர் ஓட வழி வெட்டும் வேலை. நல்ல தடியன். காய்ச்சலும் இருமலும் அவனை விறகுக்குச்சி ஆக்கிவிட்டன. பென்சிலின் ஊசிக்கும் கேட்கவில்லை. சயரோகமோ என்று டாக்டர் ஐயா சளியைச் சோதிக்க அனுப்பினார்.

தாளில் சுற்றிய போத்தலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவேன். பக்கத்தில் இருந்தவர் ஒருநாள், "தேனாங்க? மலத்தேனா?" என்று கேட்டார். சொன்னேன். சீட் முழுக்க எனக்கே கிடைத்தது.

இரண்டு தடவை அனுப்பியும் ஒன்றுமில்லை என்றே பதில் வந்தது. ஆள் மட்டும் கரைந்துகொண்டே போனான். மூன்றாவது போத்தலை ஐயா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னாப்பா இது, பச்சத்தண்ணி மாதிரி இருக்கு? இந்த இருமு இருமுறான், சளி எங்க?"

காளிமுத்துவின் சம்சாரம் பொன்னம்மா பெருமையாகச் சொன்னாள்: "சுடுதண்ணியில நல்லா வாய் கொப்புளிக்க வச்சுத்தாங்க துப்பச் சொன்னேன். அந்த மஞ்ச அசிங்கத்தப் போயி பெரிய டாக்டருக்கு அனுப்பலாங்களா? மரியாத இல்லைங்களே!"

ஐயா தலையில் கை வைத்தார். "மரியாத பாத்தே புருசனக் கொன்னுருவ போலிருக்கே தாயி! நெஞ்சுக்குள்ளருந்து காறித் துப்பச் சொல்லு. அந்த அசிங்கந்தான் எனக்கு வேணும்!"

டிஸ்பென்சரிக் கட்டிலில் கிடந்த காளிமுத்து முனகினான்: "ஐயாவுக்கு வேணும்னா நெறையவே இருக்குங்க."

அந்த அசிங்கம் கொழும்பு வரைக்கும் போனது. சயரோகம் இல்லை, சேற்று மண்ணில் கிடக்கும் ஒரு கிருமி, அபூர்வமாகத்தான் காயம் வழியாக ஆளுக்குள் போய் நெஞ்சுக்கு ஏறும் என்று பதில் வந்தது. மெலியோ என்று தொடங்கி ஐயா நீளமாக ஒரு பெயர் சொன்னார், என் வாயில் நிற்கவில்லை. அப்புறம் காளிமுத்துவின் காலைப் பார்த்தார். காலெல்லாம் அட்டைக்கடி. ரத்தம் நிற்கக் கானிலிருந்தே சேற்றை அள்ளி அப்பிக்கொள்வது அவர்கள் வழக்கம்.

"செலவில்லாத மருந்துங்க" என்றான்.

"செலவ இப்ப நான் பாக்குறேன்" என்றார் ஐயா.

குளோரோமைசெட்டின் குளிசை மாதக்கணக்கில் கொடுத்தோம். காய்ச்சல் மெல்ல இறங்கியது. ஒருநாள் பொன்னம்மாவோடு அவன் சண்டை போடும் சத்தம் டிஸ்பென்சரி வரை கேட்டது. பிழைத்துவிட்டான் என்று ஐயா சிரித்தார்.

சீக்காளி எதைக் காட்ட வெட்கப்படுகிறான் என்று முதலில் பார்க்க வேண்டும். அந்த வேலையில் நான் கற்றது இதுதான். உங்கள் பக்கத்தில் கான் வெட்டுகிறவர்கள், மரக்கறித் தோட்டத்தில் சேறு மிதிக்கிறவர்கள் இருந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: காயத்தில் சேறு அப்ப வேண்டாம். இருமல் விடாவிட்டால், மண்ணில் வேலை செய்கிறேன் என்று டாக்டரிடம் சொல்லட்டும். அவர் சளி கேட்டால், சளியையே கொடுக்கட்டும்.